மற்றப் பக்கம் பார்த்த நல்வரவு

வெளிநாட்டுத் துணி நாட்டுக்குள் வராத எழுபதுகள் அவை. உள்ளூர் அச்சுத் துணிக்குத் திடீரென்று மரியாதை வந்திருந்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், பழைய பண்டகசாலை ஒன்றின் பாதியில் எங்கள் சங்கம் நடந்தது. மரக்கட்டையில் வடிவம் செதுக்கி, சாயத்தில் தோய்த்து, துணியில் அச்சடிப்பவர்களின் சங்கம். உறுப்பினர் பதினாறு பேர். படம் கீறுகிறவர்கள், கட்டை செதுக்குகிறவர், சாயம் காய்ச்சுகிறவர்கள், அச்சடிக்கிறவர்கள் என்று ஆளுக்கொரு வேலை. இவற்றில் ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆகவே என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

பகலில் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். ஒரு கடிதம் எத்தனை மேசையைத் தாண்ட வேண்டும், எந்தக் கையெழுத்துக்கு மேலே எந்தக் கையெழுத்து வர வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. சங்கத்தில் அப்படி ஒன்றுமே இல்லாததைக் கண்டு முதல் வாரமே மனம் வெதும்பினேன். ஒருவர் படம் கீறுவார். மற்றவர் வாங்கிப் பார்த்து "வடிவாயிருக்கு" என்பார். உடனே செதுக்கத் தொடங்கிவிடுவார்கள். அங்கீகாரம் இல்லை, முத்திரை இல்லை. பார்த்துக்கொண்டு இருக்க ஏலுமா?

விதி ஒன்று எழுதினேன். எந்தப் படமும் செயலாளரின் கையெழுத்தும் முத்திரையும் பெற்ற பின்பே கட்டையில் ஒட்டப்பட வேண்டும். செதுக்கி முடியும்வரை அக்கையெழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். இடையில் வேலையை நிறுத்தவோ மாற்றவோ செயலாளருக்கு மட்டுமே அதிகாரம். தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினேன்.

கட்டை செதுக்குகிறவர் பாலையூற்றிலிருந்து வருகிற ஒரு அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கணவர் துறைமுகத்தில் காலை முறித்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இவருடைய உளியால்தான். விதியை வாசித்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

"செக்கிரட்டரி ஐயா, படத்தைக் கவிழ்த்துத்தான் கட்டையில ஒட்டுறது."

"கவிழ்த்தால் என்ட கையெழுத்துத் தெரியாதே."

"தெரியாட்டி என்ன?"

"தெரியாட்டி அங்கீகாரம் இல்லை, அக்கா."

கட்டையில் வலப்பக்கம் இருப்பது துணியில் இடப்பக்கமாக விழும் என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். நான் அதைவிடப் பொறுமையாக விதியை விளக்கினேன். அவர் போய் நான் சொன்னபடியே ஒட்டினார். அடுத்த மாதம் துணியில் எங்கள் மீன்களெல்லாம் எதிர்ப்பக்கம் நீந்தின. மீனை எந்தப் பக்கம் போகிறாய் என்று எவரும் கேட்பதில்லை. விதி வேலை செய்கிறது என்று ஆண்டறிக்கையில் எழுதினேன்.

பிறகு கடற்கரையோர விருந்தினர் விடுதி ஒன்றிலிருந்து கட்டளை வந்தது. அறை வாசல்களுக்கு நாற்பத்தெட்டுத் திரைச்சீலைகள். ஒவ்வொன்றிலும் 'நல்வரவு' என்ற சொல். படத்தில் கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி நீட்டினேன். அக்கா தாளை வாங்கி அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார்.

"இதுக்கும் சட்டம் அதுதானோ?"

நான் தலை நிமிராமல் "ஓம்" என்றேன்.

அச்சடித்த மூன்று நாளும் நான் கொழும்பில், கோப்புப் பராமரிப்புப் பயிற்சியில் இருந்தேன். முதல் திரையிலேயே எழுத்துத் திரும்பி விழுந்ததை மூதூரிலிருந்து வந்து அச்சடிக்கிற, ஒருவருக்கொருவர் மச்சாள் முறையான இரண்டு பெண்களும் கண்டுவிட்டார்கள். தலைவரிடம் ஓடினார்கள். தலைவர் கிண்ணியாக்காரர், சாயம் காய்ச்சுவதில் வல்லவர், சுவரிலே ஒட்டியதை மதிக்கிறவர்.

"நிப்பாட்ட எனக்கு அதிகாரம் இல்லை புள்ளையள். சுவரைப் பாருங்கோ. அடியுங்கோ."

திரும்பி வந்தபோது, பண்டகசாலையின் முன்னால் நாற்பத்தெட்டு நல்வரவுகளும் என்னைக் காணப் பிடிக்காதவைபோல் மற்றப் பக்கம் பார்த்துக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. சங்கத்துக்கு நட்டம் விளைவித்த உறுப்பினரை நீக்கலாம் என்று எங்கள் சட்ட யாப்பில் ஒரு பிரிவு உண்டு. அன்றைக்கே அக்காவுக்குக் கடிதம் எழுதினேன்: ஏன் உங்களை நீக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும். நீக்கினால் அவருக்குச் செதுக்க மரமும் இல்லை, அந்த ஊரில் வேறு இடமும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் கடிதத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை.

நான்காம் நாள் விளக்கம் வந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. அரபு என்று நினைத்து, அரபு ஓதத் தெரிந்த தலைவரிடம் நீட்டினேன். அவர் அப்படியும் இப்படியும் பிடித்துப் பார்த்தார்.

"இது அரபு இல்லை ஐயா. உங்கட தமிழ்தான். திரும்பி நிக்குது."

அலுமாரிக் கதவில் ஒரு கண்ணாடி இருந்தது. அதன்முன் கடிதத்தைப் பிடித்தேன். தலைவரும் மச்சாள்மாரும் படம் கீறுகிறவர்களும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடிக்குள் முத்து முத்தான எழுத்து:

'ஐயா, முதல்தரம் சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை. ரெண்டாந்தரம் கேட்டனான். நீங்கள் ஓம் எண்டனீங்கள். இந்தக் கடிதத்தையும் உங்கட விதிப்படியே எழுதியிருக்கிறன். வாசிக்க ஏலாட்டி ஆரை நீக்கிறது எண்டு நீங்களே முடிவு செய்யுங்கோ.'

மூத்த மச்சாள் சிரிப்பை அடக்கப் பார்த்துச் சாயச் சட்டியில் இடித்துக்கொண்டாள். அக்கா மட்டும் தன் இடத்திலிருந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப விளக்கம் கேக்க வேண்டியது ஆரிட்ட?" என்றார் தலைவர்.

"செயலாளரிட்ட," என்றேன்.

"கேக்கிறது ஆர்?"

"அதுவும் செயலாளர்தான்."

"அப்பக் கேளுங்கோவன்."

முறை என்றால் முறை. எனக்கு நானே கடிதம் எழுதினேன். ஏழு நாள் அவகாசம் கொடுத்தேன். கிடைத்ததாகக் கையொப்பமிட்டேன். ஆறாம் நாள், வேலைப்பளுவினால் ஏற்பட்ட கவனக்குறைவு என்று பணிவுடன் பதில் அனுப்பினேன். கோப்பில் சேர்த்தேன்.

இதற்கிடையில் திரைகளுக்கும் வழி சொன்னது அக்காதான். "மெல்லிய துணி. சாயம் மறுபக்கம் ஊறியிருக்கு. உள்பக்கத்தை வெளியில போட்டு மாட்டச் சொல்லுங்கோ." மாட்டினார்கள். சொல் நேரானது, நிறம் சற்று மங்கியது. கண்ணைக் குத்தாத நிறம் என்று விடுதி முகாமையாளர் பாராட்டினார். அதற்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் இரண்டு விடயங்கள். முதலாவது, அக்காமீதான நடவடிக்கையைக் கைவிடுவது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. இரண்டாவது, செயலாளரின் விளக்கத்தை ஏற்பது. பதினாறு பேரில் பதினைந்து பேர் கை தூக்கினார்கள். தலைவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அக்கா தங்கச்சி, அக்காவுக்கு அவர் 'நானா', அதாவது அண்ணன்.

"தங்கச்சி, கை தூக்கேல்லையே?"

"இல்லை நானா. விளக்கம் காணாது. வேலைப்பளு எண்டு எழுதியிருக்கிறார். நான் கேட்ட அண்டைக்கு அவர் பேப்பர் வாசிச்சுக்கொண்டெல்லோ இருந்தவர்."

"அப்ப ஆளை நீக்குவமா?"

"சீ, பாவம். இருக்கட்டும். நான் எதிர்த்தனான் எண்டு மட்டும் பதியச் சொல்லுங்கோ."

பதிவது என் கடமை. பேனையை எடுத்தேன். அக்கா எழுந்து வந்து, நான் எழுதி முடிக்கும்வரை, எழுத்து நேராக விழுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தார்.