உப்புப் போட்ட பிளாஸ்டிக்கும் ஜவ்வாது மலை மேகமும்

பிளாஸ்டிக்கில் உப்பைக் கரைத்து, அதில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை என்று சொன்னால், பெண் பார்க்க வந்தவர்கள் பாதிக் காபியில் எழுந்து போவார்கள். இந்தத் தொழிலில் தலையைக் கொடுத்த சக பாவிகளுக்கு இது புரியும். எண்பதுகளில் ஜவ்வாது மலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் சயின்ஸ் டீச்சராக இருந்துகொண்டே, பகுதிநேர ஆராய்ச்சிக்கு மனுப் போட்டிருந்தேன். வேலூர்ப் பேராசிரியர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். பொங்கலுக்குள் இந்தப் பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடுவதற்கு உருப்படியாக ஓர் அளவு காட்டினால் ஆராய்ச்சிக்குப் பதிவு, இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. பதிவு கிடைத்தால்தான் கல்லூரி வேலை என்ற பேச்சே எடுக்க முடியும். எனக்கு அது வேண்டும். ரொம்பவே வேண்டும்.

செக்போஸ்ட்

பாலிஎத்திலீன் ஆக்சைடு என்று ஒரு வெள்ளைத் தூள். அதையும் சோடியம் அயோடைடு என்ற உப்பையும் மெத்தனாலில் கரைத்துத் தட்டில் ஊற்றிவிட்டால், மெத்தனால் ஆவியாகி மெல்லிய படலம் மிஞ்சும். ஆனால் மெத்தனாலுக்கு ஊரில் இன்னொரு பெயர் விஷச் சாராயம். போளூரிலிருந்து பாட்டிலோடு பஸ் ஏறினேன். மலையடிவாரத்தில் மதுவிலக்குப் போலீஸ்காரர் பையைத் திறந்து மோந்து பார்த்தார்.

பேராசிரியர் கொடுத்திருந்த கல்லூரிக் கடிதத்தைக் காட்டினேன். பிளாஸ்டிக் செய்யப் போகிறேன் என்றேன். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவருக்குக் கோபம்கூட வரவில்லை, குழப்பம்தான் வந்தது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாரும் சாராயத்த மேலேர்ந்து கீழ எறக்குவாங்க. நீங்க இன்னாங்க டீச்சர், கீழேர்ந்து மேல எடுத்துனு போறீங்க?"

லைன்மேன்

படலத்தில் ஓடும் மின்சாரத்தை அளக்க வைத்திருந்த என் மீட்டர் புண்ணியத்தில் பள்ளிக்கூடத்துக்கே ஃபியூஸ் போய்விட்டது. லைன்மேன் முருகேசன் வந்தார். பெரிய எஃகு வில்லைகள் இரண்டுக்கு நடுவே படலத்தை வைத்திருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். டீச்சர் வாய் சும்மா இருக்குமா? பிளாஸ்டிக் தானாக மின்சாரத்தைக் கடத்தாது, உப்பைச் சேர்த்தால் அதன் அயனிகள் பிளாஸ்டிக் இழைகளுக்குள் நகரும், அப்போது கடத்தும் என்று பாடமே எடுத்துவிட்டேன்.

கம்பத்தில் ஏறப்போனவர் நின்றுவிட்டார். கையிலிருந்த கட்டிங் பிளேயரின் சிவப்புப் பிளாஸ்டிக் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"இதுல உப்பு கிப்பு போட்ருப்பானா, கொஞ்சம் பார்த்து சொல்லுங்க டீச்சர். எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

மேகம்

உப்பைக் கூட்டினால் படலத்தில் மின்சாரம் ஓடும் அளவு ஏறியது. இன்னும் கூட்டினால் இறங்கியது. அயனிகள் அதிகமானால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நகராமல் போய்விடும் என்று புத்தகம் சொன்னது. சரி என்று தலையாட்டினேன். மார்கழியில் மேகம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்தது. அன்று மீட்டர் முள் நூறு மடங்கு எகிறியது! உலகத்திலேயே நல்ல படலம் என் தட்டில்தான் இருக்கிறது என்று நம்பினேன். உடனே வாருங்கள் என்று பேராசிரியருக்குத் தந்தி அடித்தேன்.

அவர் வந்த அன்று பளீரென்று வெயில். முள் படுத்துக்கொண்டது. "நேத்துகூட இருந்ததுங்க சார்" என்றேன். அவர் படலத்தை வெளியே எடுத்து, அதன்மேல் வாயால் ஊதி, மறுபடி வைத்தார். முள் ஏறியது. மெத்தனால் ஆவியாகிக் காய்ந்த பிறகு, மேகத்திலிருந்து ஈரத்தைக் குடித்திருக்கிறது என் படலம்; முள்ளை எகிறவைத்தது அந்த ஈரம்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தண்ணிக்கு நான் டாக்டர் பட்டம் குடுக்க முடியாதும்மா."

வாணலி

படலத்தை வைக்கிற மூடிபோட்ட கண்ணாடிப் பாத்திரத்தில், ஈரத்தை இழுக்கிற சிலிகா மணிகள் இருந்தன. காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்தால் ரோஸ். என்னுடையவை மழைக்காலத்தில் வாங்கியவை, பிறவியிலேயே ரோஸ் என்று நினைத்திருந்தேன். பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டு, வறுக்கச் சொன்னார். விடுதிச் சமையல்கார அம்மா குப்பம்மாள் பழைய ஓட்டை வாணலி ஒன்றைக் கொடுத்தார். விறகடுப்பில் நானும் அவரும் மாறி மாறிக் கிளறினோம். ரோஸ் மெல்ல நீலமானது. குப்பம்மாள் வாணலியை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

"இன்னா டீச்சர் இது? எதை வறுத்தாலும் செவக்கும், இது நீலமாவுது. பசங்களுக்கு இன்னிக்கு இதுவா போடப்போறோம்?"

சின்ன எண்

படலத்தைச் சூடுபடுத்தி, நீல மணிகளோடு அடைத்து, சாயங்காலம் அளந்தோம். முள் கொஞ்சம்தான் அசைந்தது. ஊதாமல் மறுபடி அளந்தோம், அதே அளவு. மெல்லச் சூடேற்றினோம். அறுபது டிகிரியை நெருங்கியதும் பிளாஸ்டிக்குக்குள் இறுகிக் கிடந்த பகுதிகள் உருகி, அளவு விறுவிறுவென்று ஏறியது. ஆறவைத்ததும் அடங்கியது. எனக்கோ அந்தச் சின்ன எண்ணைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. போச்சு, இடம் வேறு ஆளுக்குத்தான் என்று மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன். பேராசிரியரைக் கூட்டிப்போக வெளியே நின்ற ஜீப் ஹாரன் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை, பேனாவைத் திறந்தார்.

"மோசமான நம்பர்தாம்மா. ஆனா தண்ணியோடது இல்ல, உன்னோடது. பதிவு ஃபாரத்தைக் குடு."

பட்டம் வாங்கிக் கல்லூரி வேலைக்கும் வந்துவிட்டேன். ஆனால் படலத்தில் கடத்துவது உப்பா ஈரமா என்று மாணவர்கள் கேட்டால், இன்றைக்கும் ஜன்னலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.