லண்டன் சரக்கு

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒன்றரை ஆள் நிற்கிற அறையில் ஸ்வர்ணலதா டிரான்ஸ்பார்மர் சுற்றி விற்கிறாள். ஊரே அதைக் கரண்ட் கம்பத்தில் தொங்கும் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அவள் சுற்றுவது தீப்பெட்டி அளவுதான். மைக்கில் பாடுகிற குரல் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். பழைய வெளிநாட்டு மாடலைப் பிரித்து, உள்ளே கம்பி எத்தனை சுற்று என்று எண்ணி, அப்படியே மறுபடி சுற்றித் தருவாள். நகல் என்று சொல்லி, தன் பெயரை மேலே ஒட்டித்தான் விற்பாள். அந்த விஷயத்தில் அவளுக்கு ரோஷம் அதிகம்.

கோபாலபுரத்தில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஷ்ரவண் போன வாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஜோடியில் செத்துப்போனது அதுதானாம்; அதேபோல் ஒன்று சுற்றித் தர வேண்டுமாம்.

“லண்டன் ஒரிஜினல் மேடம். அந்த சவுண்டு இங்க யாருக்கும் வராது. நீங்க சுத்துறது கொஞ்சம் கிட்ட வந்தா போதும்.”

“பிரிச்சா திரும்ப சேராது சார். பரவால்லியா?”

“பரவாயில்ல, பிரிங்க.”

அந்தக் ‘கிட்ட வந்தா போதும்’ அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் போனதும் தகடுகளைக் கழற்றி, கம்பியைப் பிரிக்க உட்கார்ந்தாள். முதல் அடுக்குக்குக் கீழே காகிதம். அதன் ஓரத்தில் பென்சிலில் ஓர் எண், அதிலிருந்த ஏழுக்கு நடுவில் ஒரு கோடு. அடுக்குக்கு அடுக்கு எண்ணிக்கையை எழுதிவைப்பது அவள் வழக்கம். ஏழுக்கு அப்படிக் கோடு போடுவதும் அவள் வழக்கம்.

இது அவளே சுற்றியது. எவனோ அவள் பெயரைச் சுரண்டிவிட்டு, லண்டன் கம்பெனிப் பெயரை ஒட்டி விற்றிருக்கிறான். மூன்றாவது அடுக்கில் இன்னொன்றும் தெரிந்தது. எழுதியிருந்தது 127, பிரித்தபோது வந்தது 117. தொழிலுக்கு வந்த புதிதில் அவள் செய்த பிழை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால், போலி விற்கிறவள் என்று பெயர் கெட்டுப்போகும். இத்தனை வருடம் அவள் காத்துவந்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான். டீ ஆறிப்போகும்வரை யோசித்தாள். பிறகு போன் செய்தாள்.

“சார், அது லண்டன் சரக்கு இல்ல. நான் சுத்துனது. எவனோ பேரை மாத்தி உங்க தலைல கட்டிட்டான். அதுலயும் பத்து சுத்து கம்மியா கீது. என் தப்பு.”

 

“அப்ப ஆறு வருஷமா நான் ஊரெல்லாம் பெருமையடிச்சது உங்க கைவேலையப் பத்தியா?”

“ஆமா சார்.”

“அப்படியே சுத்துங்க மேடம். அந்தப் பத்து சுத்து கம்மியாவே இருக்கட்டும்.”

சந்தோஷத்தில் அவளுக்கு உடனே வேலை ஓடவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது அடுக்கு வந்ததும் எண்ணி நிறுத்தி, காகிதத்தில் 117 என்றே எழுதி, ஏழுக்குக் கோடு போட்டாள்.