ஹெல்மெட்டில் குடியிருந்த முராய்

புக்கிட் செலம்பாவில் எங்கள் தாமான் குடியிருப்பில் வரிசையின் கடைசி வீடு குணவதியுடையது, அதற்கு முந்தியது என்னுடையது. கடைசி என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் மண் கிடைத்தது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் காலையெல்லாம் மீ நூடுல்ஸ் பிரட்டிவிட்டு, மத்தியானத்துக்குமேல் அந்த மண்ணிலேயே கிடப்பாள். அவள் தந்த பப்பாளியை என் மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்ததும் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது என்று சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவளுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.

அழகுத் தோட்டம் என்று சொல்லிவிட முடியாது. புல்லுக்கு மருந்தடிக்கமாட்டாள். உதிர்ந்த இலையைக் கொளுத்தமாட்டாள். ஒரு மூலையை வெட்டாமலே விட்டிருந்தாள். தட்டில் தண்ணீர் வைத்து, தேனீ விழுந்து சாகாமல் உட்கார்ந்து குடிக்கக் கூழாங்கல்லும் போட்டிருந்தாள். பாம்பு வரும் என்று அக்கம்பக்கம் திட்டியது.

திட்டாத ஒரே ஆள் பக்கத்து ஊர் மெர்போக்கில் இருக்கும் பரஞ்சோதி. குணவதியின் புருஷன் செத்த வீட்டில் ஓடியாடிப் பந்தல் போட்டதிலிருந்து, கூடப் பிறக்காத தம்பி. "இலைய எரிக்காதக்கா. அதுக்கடியிலதான் புழு. புழு இருந்தாத்தான் குருவி வரும்" என்று சொல்லிக் கொடுத்ததே அவன்தான்.

வந்தது. கறுப்பும் வெள்ளையுமாய், வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு முராய்க் குருவி, ஜோடியோடு. பின்சுவரில் மாட்டியிருந்த புருஷனின் பழைய ஹெல்மெட்டுக்குள் கூடு கட்டிக்கொண்டது. விடியலில் ஆண்குருவி பாட ஆரம்பித்த பிறகு எங்கள் தெருச் சேவல்கள் வெட்கப்பட்டு, வெயில் ஏறின பிறகுதான் கூவின.

குணவதி பால் டின் மூடியைத் தட்டி வெட்டுக்கிளியை நீட்டினால், அது உள்ளங்கையிலேயே வந்து உட்காரும். குஞ்சு பொரித்ததும் பரஞ்சோதியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாத்தியா தம்பி, என்னைய நம்புது!"

அந்த வாரமே, அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் ஆண்குருவி காணாமல் போனது. பெண்குருவி தனியாக இரை தேடி ஓய்ந்தது. ஒரு குஞ்சு செத்தது. குணவதி எதிர் வீட்டு வாணியோடு, அவள் பூனைதான் பிடித்தது என்று சண்டை போட்டாள். பரஞ்சோதி ஓடி வந்து சாக்கடை வரைக்கும் குனிந்து தேடினான். "பூனைதாங்கா. மனச விடு லா" என்று தேற்றிவிட்டுப் போனான்.

மறுநாள் அவன் மனைவி ஷாமளாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, குணவதி ரசம் வைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு மெர்போக்குக்குப் போனாள். அங்கே நடந்ததை ஷாமளா சொல்லித்தான் அறிந்தேன். காய்ச்சலிலும் அவளுக்குக் காது நன்றாகக் கேட்டிருக்கிறது.

சமையலறைக்குப் பின்னால் துணி போர்த்திய கூண்டு ஒன்று. உள்ளிருந்து பாட்டு. குணவதி தூக்குச்சட்டி மூடியை மெல்லத் தட்டினாள். துணிக்குள்ளே படபடவென்று இறக்கை அவள் பக்கமாக மோதியது.

"எத்தனை பூனை வளக்குற தம்பி?"

பரஞ்சோதி தலையைச் சொறிந்தான். "ஞாயித்துக்கிழம குருவிப் பாட்டுப் போட்டிக்கா. முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுருவேன், சத்தியமா."

"குஞ்சுங்க ஞாயித்துக்கிழம வரைக்கும் பட்டினி கெடக்கணுமா?"

"அடிபடக்கூடாதுன்னு வலைகூட வைக்கலக்கா. நீ தட்டுற மாதிரியே தட்டினேன், கையில வந்து உக்காந்துருச்சு. நீதான பழக்கிவிட்ட!"

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துச் சொல்லியிருக்கிறான். குணவதி ரசத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூண்டைத் தூக்கினாள்.

"அக்கா, கூண்டு என்னுது."

"ரசம் என்னுது. வெச்சுக்க."

வீட்டுக்கு வந்து திறந்துவிட்டாள். அது நேராக ஹெல்மெட்டுக்குப் போனது. மிச்சக் குஞ்சுகள் பிழைத்தன.

மறுநாள் மத்தியானம் அவள் செடிக்குத் தண்ணீர் விடும்போது அதே குருவி இறங்கி வந்து காலடியில் நின்றது, எதுவுமே நடக்காதது போல. குணவதி அதை விரட்டக் கை தட்டினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தது. காலை உதைத்தாள். ஓரடி தள்ளிப்போய்த் திரும்பி வந்தது. குழாயை அதன்மேல் திருப்பினாள். அது இறக்கையை விரித்துக் குளித்தது!

வேலிக்கு இந்தப் பக்கம் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சிரிக்காதீங்கம்மா. மனுசங்கள நம்பக் கத்துக்கொடுத்தவ நான். எவன் தட்டினாலும் போய் உக்காரும்."

குழாய் வாயைப் பெருவிரலால் அழுத்திப் பீய்ச்சி அடித்தாள். குருவி உருண்டு, சேறு அப்பி, தட்டுத்தடுமாறி எழும்பி மின்கம்பியில் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து அவளைப் பார்த்துக் கத்தியது. பாட்டில்லை, பகையைக் கண்டால் கத்துமே, அந்தக் கரகரத்த கத்தல்.

"அப்படித்தான்" என்றாள் குணவதி, அண்ணாந்து பார்த்து. "அப்படியே இரு."