கோல் போஸ்டுக்குப் பின்னால் ஓர் இடம்

1. திரும்பி வந்த சாம்பல்

பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தமிழ் மரணச் சேவைக் கடையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். மெரி என்கிற நகரசபையில் பதிவு, பிரேதப் பெட்டி, வாகனம், எரிக்கும் கிரெமத்தோரியத்தில் நேரம் எடுப்பது, சாம்பலை ஊருக்கு அனுப்புவது எல்லாம் எங்கள் தலையில். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மாறிப்போன பூமாலை, பிந்திய விமானம், பெட்டிக்கு முன்னால் தங்களுக்குள் அடிபட்ட உறவினர் எல்லாம் பார்த்தாயிற்று. அனுப்பிய சாம்பல் திரும்பி வந்தது ஒரே தடவைதான்.

கொண்டு வந்தவர் கிளாரா. எங்களிடம் வந்த ஆர்ஜென்டினாக்காரர் ஒஸ்வால்டோவின் ஒரே மகள். விமான நிலையத்திலிருந்து நேரே வந்தவர், பயணப் பெட்டியைக்கூட வாசலில் விட்டுவிட்டு, சாம்பல் கலசத்தைத் தூக்கி என் மேசையில் வைத்தார். ஆர்ஜென்டினாவில் நான் எழுதிக் கொடுத்த இடத்தில் மைதானமே இல்லையாம். பெரிய சாமான் கிட்டங்கி நிற்கிறதாம். காவலாளி கேற்றுக்குள் கால் வைக்க விடவில்லையாம்.

அந்த இடத்தை எழுதியது நான்தான், ஆனால் சொன்னவர் அவருடைய தகப்பன்.

2. கழகத்தின் கதை

ஒஸ்வால்டோ எங்கள் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தவர். ஓய்வுபெற்ற பெயின்டர், மனைவி இல்லாதவர். தன் காரியத்தைத் தானே ஒழுங்குபடுத்த வேண்டும் என்று ஒருநாள் கீழே இறங்கி வந்தார். பிரெஞ்சுக் கடைக்குப் போகாமல் ஏன் எங்களிடம் வந்தீர்கள் என்று கேட்டேன். "உங்கள் ஆட்கள் சாம்பலைக் கடல் தாண்டிக் கொண்டுபோவதை ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். உங்களுக்குத்தான் அந்த வழி தெரியும்" என்றார்.

அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானம். வடக்குப் பக்க கோல் போஸ்டுக்குப் பின்னால் ஓர் இடம். காரணம் கேட்டேன். அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு தடவை வந்து கோப்பியோடு குந்திவிடுவார். அவருடைய பிரெஞ்சும் நொண்டி, என்னுடையதும் நொண்டி, அதனால் நன்றாக விளங்கியது. எங்கள் முதலாளி ராசன் அண்ணைக்கு இதைக் கண்ணில் காட்டக்கூடாது.

"தம்பி, கதை கேக்கவோ உனக்குச் சம்பளம் தாறன்? ஃபைலை முடிச்சு அனுப்பு" என்பார்.

கழகத்தைத் தொடங்கியது ரயில் பட்டறைத் தொழிலாளர்கள். ஜெர்சி பச்சை. ரயில் பெட்டிகளுக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ட்தான் பட்டறையில் மிச்சமாகக் கிடந்தது, சுவரும் கோல் போஸ்டும் அந்த நிறத்தில் இருந்ததால் ஜெர்சியும் அப்படியே ஆனது. பெண்கள் இறைச்சி வைத்த பணியாரம் சுட்டு விற்றுச் சுற்றுமதில் கட்டினார்கள். கீழ்ப் பிரிவுகளை விட்டு மேலே ஏறியதே இல்லை. தலைநகரத்துப் பெரிய கழகம் ஒன்று சிநேகபூர்வ ஆட்டத்துக்கு வந்தபோது மட்டும் ஒன்றுக்குப் பூச்சியத்தில் வென்றார்கள். கடைசி நிமிடத்துப் பெனால்டியைப் பிடித்தவர் கோல் கீப்பர் ரூபென், ஒஸ்வால்டோவின் அண்ணன். பட்டறையில் தொழிற்சங்கக்காரர்.

ராணுவ ஆட்சி வந்தது. ஒரு பின்னேரம் பயிற்சி முடிந்து வரும்போது ரூபெனை உடுப்பு மாற்றும் அறையில் வைத்தே ஏற்றிக்கொண்டு போனார்கள். கையுறைகூடக் கழற்றவில்லை. அதோடு ஆளைக் காணவில்லை. இலங்கை யுத்தத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒஸ்வால்டோ எல்லை தாண்டி ஓடி, கடைசியில் பாரிசுக்கு வந்தார். தாய் அங்கேயே இருந்தார். போய் அழுவதற்கு ஒரு கல்லறை இல்லை. அதனால் சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கும் ஞாயிறுகளில் வடக்கு கோல் போஸ்டுக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டு இருப்பாராம். சாகும்வரை இருந்தாராம். எந்தக் கீப்பர் வந்தாலும் முதலில் அவரிடம் போய்க் கைகொடுத்துவிட்டுத்தான் கோலுக்குள் நிற்பானாம்.

இவ்வளவையும் கேட்டபிறகு அந்த இடத்தை நான் எப்படி எழுதாமல் விடுவது? பிரிபெக்தூர் என்கிற அரசாங்க அலுவலகத்தின் அனுமதி, தூதரக முத்திரை எல்லாம் என்னென்ன தேவை என்று குறித்து வைத்தேன். மறு வருடம் அவர் பாரிசுக்குப் பக்கத்து ஊரான சென் தெனியில் ஆஸ்பத்திரியில் இறந்தார். மகள் கலசத்தோடு விமானம் ஏறினார்.

3. கிளாரா கேட்டது

கிளாராவை இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தேன். கிட்டங்கியிலிருந்து திரும்பும்போது கழகத்தின் பழைய உறுப்பினர் மூன்று பேரைத் தேடிப் பிடித்திருக்கிறார். ரயில் நின்று, பட்டறை மூடி, கடன் ஏறிக் கழகம் நிலத்தை விற்றுவிட்டதாம். இப்போது வாடகை மைதானத்தில் ஆடுகிறார்களாம். விற்ற கிழமையே ஒஸ்வால்டோவுக்குத் தொலைபேசியில் சொன்னார்களாம். அது அவர் என்னிடம் வருவதற்கு இரண்டு வருடம் முந்தி.

மைதானம் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் மனிதர் என் முன்னால் இருந்து எழுதுவித்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது.

கிளாரா கைத்தொலைபேசியை என் பக்கம் திருப்பினார். கழக அறைச் சுவரில் தொங்கிய படம். பச்சை ஜெர்சி போட்ட இளைஞன் ஒருவன், அச்சாக ஒஸ்வால்டோவின் முகம்.

"நிலம் விற்ற கதை விளங்கியது, இதற்கு என் ஸ்பானிஷ் போதவில்லை. அவர்கள் இந்தப் படத்தைக் காட்டி அழுதார்கள். யார் இவர்?"

தனக்கு ஒரு பெரியப்பா இருந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நாற்பத்தைந்து வயதாகிறது. வீட்டில் ரூபென் என்ற பெயரே சொல்லப்பட்டதில்லை. அப்போதுதான் என் கோபம் இறங்கியது. வாயால் சொல்ல முடியாததை மகள் போய்ப் பார்க்கட்டும் என்று அந்த மனிதர் நினைத்திருக்க வேண்டும். வேறு எப்படி யோசித்தாலும் எனக்குச் சரிவரவில்லை.

அவர் எனக்குச் சொன்ன ஒழுங்கிலேயே, பச்சைப் பெயின்டிலிருந்து சொன்னேன். ரூபெனைக் கையுறையோடு கொண்டுபோன இடம் வந்தபோது கிளாரா அழவில்லை. கதிரை போட்டு இருந்த தாயைச் சொன்னபோதுதான் மேசையில் தலையைக் கவிழ்த்தார்.

4. பெயர்ப்பலகை

சாம்பலை வீட்டில் வைக்கச் சட்டம் விடாது. சென் தெனியில் இறந்தவர் என்பதால் அந்த ஊர் மயானச் சுவரில் ஒரு மாடம் எடுத்துக் கொடுத்தேன். கல்லில் தகப்பன், பெரியப்பா இரண்டு பேரின் பெயரும் வர வேண்டும் என்றார் கிளாரா. கல்வெட்டுபவருக்கு அனுப்பும் தாளை ராசன் அண்ணை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, ரெண்டாவது ஆளுக்குச் செத்த திகதி விடுபட்டுப் போச்சு. வெட்டினாப் பிறகு திருத்தேலாது."

"விடுபடேல்லை அண்ணை. அது ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லி, விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன்.

அண்ணை தாளைக் கீழே வைக்கவில்லை. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்றுதான் இத்தனை வருடமும் எனக்குத் தெரியும்.

"அப்ப திகதி இல்லாமலும் வெட்டலாமோ?" என்று கேட்டார். தாளைத் திரும்பப் பார்த்தபடி, "என்ரை மூத்த பெடியனுக்கும் ஒண்டு வைக்க வேணும்" என்றார்.

இந்த வேலையில் ஃபைல் முடிப்பது பாதிதான், கேட்டுக்கொண்டு இருப்பது மற்றப் பாதி. அதை எனக்கு அன்றைக்குப் பிறகு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கடைத் தொலைபேசி அடித்தது. அண்ணை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டேன்.

"பெடியன்ரை பேர் என்ன, அண்ணை?"