பல் செட்காரரின் கார்

என் கணவர் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆளாளுக்கு வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்பார்கள். டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்துப் பிளாஸ்டர் கட்டையாக்கி டப்பாவில் போட்டு அனுப்புவார். கூடவே ஒரு சீட்டு: மேல் செட், பெண், அறுபத்திரண்டு வயது. இவர் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்புவார். இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு.

மனுஷன் தங்கம். ஒரு சுடுசொல் சொன்னதில்லை. பாதி நேரம் எனக்கு எரிச்சலே அதில்தான். நான் பத்து வார்த்தை கத்தினால் பதிலுக்கு இரண்டாவது கத்தினால்தானே சண்டை ஒரு முடிவுக்கு வரும்? இவர் "சரிம்மா" என்பார், மெழுகைச் சுரண்டிக்கொண்டிருப்பார்.

இந்தத் தங்கமான மனுஷனுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் கார் பைத்தியம் பிடித்தது. புதுக் கார் என்றால் ஊரில் நாலு பேர் மாதிரி என்று விட்டிருப்பேன். இது அறுபத்தெட்டு வயதுக் கிழம். அதைச் செய்த கம்பெனியே இன்றைக்கு இல்லை. யாரோ ஒருவர் தோட்டத்தில் கோழி அடைத்து வைத்திருந்ததை இவர் தலையில் கட்டிவிட்டார். கயிறு கட்டி இழுத்துவந்து எங்கள் வாடகை வீட்டின் பக்கத்து ஷெட்டில் நிறுத்தினார்கள். கதவைத் திறந்தால் இறகு பறந்தது.

"ஏங்க, இதுல எது இருக்கு, எது இல்லைன்னு ஒரு லிஸ்ட் போடுங்களேன்" என்றேன், கிண்டலாகத்தான். அவர் நிஜமாகவே போட்டார். இல்லாதது நாற்பத்துமூன்று. இருந்தும் உதவாதது அதற்கு மேல்.

அந்தச் சாமான்களைத் தேடி அவர் போகாத பழைய இரும்புக் கடை கிடையாது. சைடு கண்ணாடியின் தண்டு ஒரு தையல் கடையில் துணி மாட்டும் கம்பியாக இருந்தது, கெஞ்சி வாங்கிவந்தார். கிடைத்தது பதினொன்று. மிச்சத்தை எல்லாம் தானே செய்யப்போகிறேன் என்று உட்கார்ந்தார். அங்கேதான் எனக்கு ஏழரை ஆரம்பித்தது.

அவருக்குத் தெரிந்தது ஒரே வித்தை. வாயில் செய்கிறதை வண்டியில் செய்தார். கதவுக் கைப்பிடிக்கு மெழுகில் உரு செய்து, தங்கப்பல் வார்க்கிற மாதிரி உலோகத்தில் வார்த்தார். கைப்பிடி அப்படி வழவழவென்று வந்தது, பிடித்தால் விடவே மனம் வரவில்லை. கியர் கம்பியின் குமிழ், ஜன்னல் ஏற்றும் குமிழ், ஹாரன் பொத்தான் எல்லாம் பல் செட்டின் ஈறு செய்கிற பிளாஸ்டிக்கில் செய்தார். செய்யட்டும், ஆனால் அவரிடம் இருந்த பொடி ஒரே நிறம். இளஞ்சிவப்பு. ஈறு நிறம். வண்டிக்குள் தலையை விட்டால் ஏதோ பெரிய வாய்க்குள் எட்டிப்பார்க்கிற மாதிரி இருக்கும். இதையெல்லாம் வேகவைத்தது எதில்? என் குக்கரில். மூன்று குக்கர் போய்விட்டது. நான்காவதைப் பூட்டி வைத்தேன்.

இதே மாதிரி வண்டி இன்னும் ஒன்றே ஒன்றுதான் சுற்றுவட்டாரத்தில் இருந்தது. ரிட்டயர் ஆன ஒரு பேங்க் மேனேஜருடையது. அவர் வண்டியைத் துடைக்கவே வேறு ஆளை விடமாட்டார். பின் விளக்கின் வளையத்தைக் கழற்றித் தருவாரா? கழற்ற வேண்டாம், தொட்டுக்கொள்கிறேன் என்று இவர் கேட்டார். பல் அச்சு எடுக்கிற பசையைத் தண்ணீரில் குழைத்து, விளக்கின் மேல் அப்பி, மூன்று நிமிஷத்தில் பிடுங்கி எடுத்துவிட்டார். துளி கீறல் இல்லை. மேனேஜர் மோந்து பார்த்துவிட்டு, "என்ன சார், புதினா வாசனை வருது" என்றாராம். நோயாளிக்குக் குமட்டக்கூடாதென்று பசையில் அந்த வாசனை போட்டிருப்பார்கள். அன்றிலிருந்து இருவரும் நண்பர்கள்.

இப்படியே ஆறு வருஷம். என்ஜினைப் பார்க்க ஒரு மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். மற்றபடி எல்லாம் இவர்தான்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

வீட்டு ஓனரம்மா ஒருநாள் வந்தார். ஷெட்டை இடித்து அறை கட்டப்போகிறார்களாம், முப்பத்தொன்றாம் தேதிக்குள் காலி செய்து தர வேண்டுமாம். அன்றைக்குக் காலையில்தான் என் அடுப்பு மேடையில் கிரீஸ் கறை பார்த்திருந்தேன். கோபம் மூக்குக்கு மேல் இருந்தது. "தாராளமா இடிச்சுக்கோங்கம்மா. வண்டியை எடுத்துடறோம், என் பொறுப்பு" என்றேன். என் கணவர் அப்போது பல் டாக்டரிடம் போயிருந்தார். வந்து கேட்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

எங்கே கொண்டுபோய் விடுவது? என் தம்பிக்கு ஊருக்கு வெளியே பத்தொன்பது கிலோமீட்டரில் வீடு, பெரிய முற்றம். அவனுக்கு போன் போட்டேன்.

"அக்கா, மாமாவுக்கு இல்லாத இடமா? ஆனா ஒண்ணு. செத்த வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்து என் வாசல்ல போட்டீங்கன்னா உள்ள விடமாட்டேன். அப்புறம் அது ஜென்மத்துக்கும் நகராது. தானா ஓடி வரட்டும், நானே கேட்டைத் திறந்து வைக்கிறேன்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆக, ஓடினால் தம்பி வீடு. ஓடாவிட்டால் பழைய இரும்புக்காரர். இதை நான் அவரிடம் சொன்னபோது கையில் ஒரு கடைவாய்ப் பல் வைத்திருந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாக்கு கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன்."

"சரிம்மா. ஓடலைன்னா நானே ஏத்தி அனுப்பிடறேன்."

கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முப்பத்தொன்றுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எல்லாம் தயார், ஒன்றைத் தவிர. ரோட்டர் என்று ஒரு சாமான். கட்டைவிரல் அளவுதான். என்ஜினில் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து மின்சாரம் கொடுக்கும். அது இல்லையென்றால் வண்டி வெறும் பெட்டிதான். இருந்ததை மெக்கானிக் கழற்றும்போது காய்ந்த பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்துவிட்டது. வேறு கார்களுடையது எதுவும் அதில் உட்காரவில்லை. மேனேஜரிடம் கேட்கலாமென்றால், அவர் வண்டியைப் பூட்டிவிட்டு மகன் வீட்டுக்குப் போயிருந்தார், வர மூன்று மாதமாகும்.

"இவ்வளவுதானே" என்றார் இவர். உடைந்த இரண்டையும் மெழுகில் ஒட்டி, அச்சு எடுத்து, அதே ஈறு நிறத்தில் ஒரு ரோட்டர் செய்து, தலையில் பித்தளைத் தகடு பதித்தார். நான் குக்கரின் பூட்டைத் திறந்து கொடுத்தேன். மனசு கேட்கவில்லை. கொதிக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டுப் பரிசோதித்தார், வளையவில்லை, வெடிக்கவில்லை. பொருத்தினார்கள். மெக்கானிக் சாவியைத் திருப்பினார்.

வண்டி இருமியது, புகை கக்கியது, பிறகு விடாமல் உறுமியது. தெருவே கூடிவிட்டது. எனக்கே பெருமை பிடிபடவில்லை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு சுற்று போய் வரலாம் என்று நானும் அவரும் கிளம்பினோம். பதினோரு நிமிஷம் ஓடியது. கடைத்தெரு முனையில், நாலு பக்கமும் வண்டி வரும் இடத்தில், ஒரு சத்தமும் இல்லாமல் நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் ரோட்டர் வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

அவர் அதைக் கைக்குட்டையில் எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "வாய்க்குள்ள காபியைவிட சூடா எதுவும் போகாது" என்றார். "நான் அந்தக் கணக்குலயே சோதிச்சுட்டேன்."

கொதிக்கிற தண்ணீரைத் தாங்கினால் உலகத்தில் எதையும் தாங்கும் என்று நினைக்க ஒரு பல் செட்காரரால்தான் முடியும். செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்துவிட்டு நான் பின்னாலிருந்து தள்ளினேன். அவர் கதவோரமாகத் தள்ளினார். வீடு வரும்வரை திட்டிக்கொண்டே தள்ளினேன். அவரையா, வண்டியையா, என்னையா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்குள் வந்து அழுதுவிட்டேன்.

மறுநாள் அதே பிளாஸ்டிக்கில் இன்னும் கெட்டியாக ஒன்று செய்தார். அது பதினான்கு நிமிஷம் தாங்கியது. தம்பி வீட்டுக்கு அந்த வண்டியின் வேகத்தில் நாற்பது நிமிஷம். இருபத்தேழாம் தேதி காலையில் அவர் பழைய இரும்புக்காரருக்கு போன் செய்து நேரம் கேட்பது என் காதில் விழுந்தது. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பேசிவிட்டு வந்து, டாக்டர் கேட்டிருந்த ஒரு முன்பல்லைத் தூரிகையால் பூசிக்கொண்டிருந்தார். அது பீங்கான் பல். பொடியைத் தண்ணீரில் குழைத்துப் படலம் படலமாகப் பூசி, மேஜைமேல் இருக்கும் சின்ன உலையில் வைத்துச் சுடுவார்கள். உலை திறந்தால் உள்ளே தகதகவென்று இருக்கும்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "அந்த உலையில எவ்வளவு சூடுங்க?" என்று கேட்டேன்.

"தொள்ளாயிரம் டிகிரி."

"அதுல வேகுற பல்லு மட்டும் உருகாதா?"

"அது பீங்கான்மா."

"உங்க கையிலதானே இருக்கு அந்தப் பீங்கான்? அதுலயே செஞ்சு தொலைக்க வேண்டியதுதானே. இத்தனை வருஷமா பல்லைக் கட்டி அழறீங்க, இந்தப் புத்தி எனக்கு வரணுமா?"

தூரிகை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். அந்த மாதிரி அவர் என்னைப் பார்த்தது கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுதான்.

"பிளக்குலயும் வெள்ளையா இருக்கிறது பீங்கான்தான்" என்றார் மெதுவாக. "ஆனா சுடும்போது சுருங்கும். அஞ்சுல ஒரு பங்கு."

"பல்லும்தான் சுருங்குது. அதைச் சரியா செய்யறீங்கல்ல?"

அவர் ரோட்டரைச் சுருங்குகிற கணக்குக்குப் பெரிதாகவே பூச ஆரம்பித்தார். பல் என்றால் நகக்கண் அளவு, இது கட்டைவிரல். முதலாவது ஆறும்போது விரிசல் விட்டது. இரண்டாவது உலைக்குள்ளேயே டப்பென்று போனது. மூன்றாவது விரிசல் இல்லாமல் வந்தது, ஆனால் லொடலொட என்று ஆடியது. அவருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, உலையின் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஆறவிடுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவர் அவசரப்படமாட்டார் என்று நினைத்திருந்தேன், அன்றைக்குத்தான் தெரிந்தது அவருக்கும் கை பறக்கும் என்று. முப்பதாம் தேதி மதியம் நான்காவது வந்தது. பால்பல் மாதிரி வெள்ளை. தலையில் பித்தளைத் தகட்டை ஒட்டி, தண்டில் வைத்து அழுத்தினார், கிளிக் என்று உட்கார்ந்தது.

முப்பத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் ஏறினோம். இரும்புக்காரரை மாலையில் வரச் சொல்லியிருந்தார், நடுவழியில் நின்றால் அங்கேயே வந்து ஏற்றிக்கொள்ளட்டும் என்று. நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம். பதினொன்று. பதினான்கு தாண்டும்போது மூச்சையே விடவில்லை. இருபதில் ஊர் முடிந்து பெரிய சாலை வந்தது. முப்பதில் அவர் ஈறு நிறக் குமிழைப் பிடித்து கியர் மாற்றிக்கொண்டே, "என்ஜின் சத்தம் மாறவே இல்லை பார்" என்றார். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். ஆமாம் என்றேன்.

தம்பி வீடு தூரத்தில் தெரிந்தது. சொன்ன சொல் தவறாமல் கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்து, நடுவில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். இவர் வேகத்தைக் குறைத்தார்.

"திருப்பாதீங்க" என்றேன். "நேராப் போங்க."

"உன் தம்பி நிக்கிறானே."

"நிக்கட்டும். அவன் எங்க போகப்போறான்."

வண்டி நேராகப் போனது. பின்கண்ணாடியில் தம்பி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்ப்பது தெரிந்தது. இரண்டு பக்கமும் வெறும் வயல், காற்று முகத்தில் அடித்தது. இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்ததை அங்கேதான் சொன்னேன்.

"ஓனரம்மாகிட்ட வாக்கு கொடுக்கிறதுக்கு முன்னாடி உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். உங்க வண்டி. நான் பாட்டுக்குத் தூக்கிக் கொடுத்துட்டேன். தப்புதாங்க."

அவர் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழி விட்டார்.

"கேட்டிருந்தா, இன்னும் கொஞ்சம் வேலை இருக்குன்னு சொல்லியிருப்பேன்" என்றார். "அடுத்த வருஷம் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆறு வருஷமா இது ஓடிடுமோன்னுதான் எனக்குப் பயம். ஓடிட்டா அப்புறம் நான் என்னம்மா பண்றது?"

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் அதுவரை சொன்னதில்லை. 

"ஓட்டுங்க" என்றேன்.