பித்தளை சொன்ன சாட்சி

உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் பித்தளை டோக்கன். மேலே ஒரு துளை, நடுவில் எண். மெட்டுகுடா குடியிருப்பிலிருந்து ரயில்வே பட்டறைக்கு நடக்கும்போது அதைச் சட்டைப் பையில் போட்டு, துணிக்கு மேலாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவேன். இரண்டாம் சங்கு ஊதுவதற்குள் வாசல் பெட்டியில் அதைப் போட்டுவிட வேண்டும். டங்கென்று ஒரு சத்தம். அந்த எண்ணுக்குரியவன் உள்ளே வந்துவிட்டான் என்று பொருள். இருபது வருடத்துக்கு மேலாக அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். ஒருநாள் மட்டும் என் கையால் அது இரண்டு முறை கேட்டது.

இரண்டாவது டோக்கன் என் அக்கா வீட்டுக்காரருடையது. மாமா என்றுதான் கூப்பிடுவேன். பட்டறையில் ஃபிட்டர். வாணியம்பாடியில் ஐந்தாம் வகுப்போடு நின்று சும்மா திரிந்த என்னை வரவழைத்து வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். மழை, வெயில் எதுவானாலும் கழுத்தில் பச்சைக் கட்டம் போட்ட மஃப்ளர் இருக்கும். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன் என்பது அவருக்குத் தீராத வேடிக்கை. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, "பேசறதெல்லாம் நான் பேசிடறேன் மச்சான், தாலியாவது நீயே கட்டுவியா?" என்றார். பெண் வீட்டார் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அன்று விடிந்தும் விடியாமலும் அக்காவின் குழந்தைக்கு ஜன்னி கண்டது. மாமா என் வீட்டுக் கதவைத் தட்டி டோக்கனைக் கையில் திணித்தார். "என்னுதையும் போட்டுடு. ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடறேன்." அடுத்தவன் டோக்கனைப் போட்டால் இருவருக்கும் வேலை போகும் என்று வாசலில் மூன்று மொழியில் எழுதியிருந்தது. ஆனாலும் எல்லோரும் செய்தோம். தாமதமாக வருகிறவர்கள் வேகன்கள் நுழையும் பின்வாசல் வழியாக வந்துவிடுவார்கள். நானும் போட்டேன். மாமா பத்து மணிக்கு மேல்தான் வந்தார். அதற்குள் ஸ்டோரில் செம்புக் குழாய்கள் காணவில்லை என்று சத்தம் கிளம்பியிருந்தது.

இரண்டாம் சங்குக்குச் சற்றுப் பிறகு, மூட்டையோடு ஒருவன் பின்சுவர் ஏறிப் போவதைக் காவல்காரர் பார்த்திருக்கிறார். பனியில் தெரிந்தது முதுகும் கட்டம் போட்ட மஃப்ளரும் மட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்த மஃப்ளர் மாமாவுடையதாகிவிட்டது. சாயங்காலம் ஐந்து பேர் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் விசாரணை. பட்டறைக்குப் பெரிய அதிகாரியான வெள்ளைக்காரத் துரை இந்துஸ்தானியில் கேட்பார், ஹெட் கிளார்க் எங்களுக்குத் தமிழில் சொல்வார். மாமாவோடு உறவு என்பதால் என்னையும் சுவரோரமாக நிறுத்தியிருந்தார்கள். துரையை முட்டாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்தால் ஆறுதலாக இருக்கும். ஐந்து பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, நீ எங்கே நின்றாய், அப்போது உன் பக்கத்தில் யார் என்று கேட்டார். ஐவரும் காவல்காரர் சொல்லிக் கேட்டவர்கள்தான். "அஞ்சு வாய், ஆனா ஒரே ஜோடிக் கண்ணு" என்று தள்ளிவிட்டார். காவல்காரரிடம், முகத்தைப் பார்த்தாயா என்றார். இல்லை. மஃப்ளர் இந்த ஊரில் எத்தனை பேரிடம் இருக்கும் என்றார். காவல்காரர் தலையைச் சொறிந்தார். அதையும் தள்ளினார். எனக்கு மூச்சு வந்தது.

மாமா ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார். உருதுவில் குழந்தையின் பெயர், அந்த ஊர் ஃபசலி ஆண்டுக் கணக்கில் தேதி, முத்திரை எல்லாம் இருந்தன. மணி இல்லை. வெளியே குழந்தையோடு நின்ற அக்காவைக் கூப்பிடலாமே என்றார் மாமா. ஹெட் கிளார்க் சிரித்தார். "பொண்டாட்டி வேற என்னாய்யா சொல்லுவா?" அதற்குப் பிறகு துரை டோக்கன் புத்தகத்தைத் திறந்தார். மாமாவின் எண், இரண்டாம் சங்குக்கு முன்பே பெட்டியில் விழுந்ததாகப் பதிந்திருந்தது. "ஆஸ்பத்திரியில இருந்தவன் டோக்கன் தானா நடந்து வந்துச்சா? மனுசன் பொய் சொல்லுவான், பித்தளை சொல்லாது."

டோக்கனைப் போட்டவன் நான் என்று மாமா சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இருவருக்கும் வேலை போகும். சொல்லாவிட்டால் அவருக்கு மட்டும் போகும், திருடன் என்ற பெயரோடு. என் மௌனம் காப்பாற்றியது என் சோற்றை மட்டும்தான். இந்தக் கணக்கு எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. மாமா என் பக்கம் திரும்பி லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்தத் தலையசைப்பை வைத்துத்தான் இத்தனை வருடம் தூங்கியிருக்கிறேன். ஆனால் அன்று அந்த அறையில் ஈக்கள் இருந்தன. அவர் என்னைத் தடுத்தாரா, ஈயை விரட்டினாரா? பார்த்த சாட்சி நான் ஒருவன். பயனடைந்தவனும் நானே. துரையாக இருந்தால் அந்தச் சாட்சியை முதலில் தள்ளியிருப்பார்.

மாமாவுக்கு வேலை போயிற்று. வாரத்துக்குள் குடியிருப்பைக் காலி செய்து ஊருக்குப் போனார்கள். திருட்டுப் பழி பட்டவரை எந்த ரயில்வேயும் எடுக்கவில்லை. மண்டியில் மூட்டை சுமந்தார். ஒருமுறை நான் அவரைப் பார்க்கப் போனேன். கிளம்பும்போது, "டோக்கன் ஒழுங்கா போடறியா மச்சான்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

போன மாதம் மாமா இறந்தார். காரியம் முடிந்ததும் அக்கா டிரங்குப் பெட்டியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு. மடிப்புகளில் கிழிந்து போயிருந்தது.

"இத நீ வச்சுக்கோ. இது நெசம்னு எனக்கு அப்புறம் உனக்குத்தான் தெரியும்."

அழவில்லை, திட்டவில்லை. உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்து வேலைக்குப் போன முதல் நாள், சீட்டும் டோக்கனும் ஒரே பையில் இருந்தன. டோக்கனை மட்டும் எடுத்துப் பெட்டியில் போட்டேன். டங்கென்றது. நான் வந்துவிட்டேன் என்று பித்தளை சொன்னது. யாரும் சந்தேகப்படவில்லை.