மாலை போடாத படம்

எங்கள் செம்பாக்கம் தெருப் பூங்காவுக்கு ஒரு விமானப்படை வீரரின் பெயரை வைத்தார்கள். குண்டுவீச்சு விமானத்தில் போருக்குப் போய்த் திரும்பாத இளைஞர். விமானமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவருடைய தங்கை எங்கள் எதிர்வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டியும் அண்ணன் படத்துக்கு அவர் மாலை போட்டதில்லை. போட்டால், இறந்துவிட்டார் என்று தானே கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்பார். மாலை கூடாது என்ற ஒரே நிபந்தனையோடுதான் விழாவுக்குப் படத்தைத் தந்தார்.

அரசாங்க உத்தியோகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் ஏற்பாடெல்லாம் என் தலையில் விழுந்தது. எல்லோரிடமும் நிபந்தனையைச் சொல்லிவைத்தேன். சிறப்பு விருந்தினரான கவுன்சிலரோ ஆளுயர ரோஜா மாலையோடு வந்திறங்கி, நேராகப் படத்தை நோக்கி நடந்தார். முன்வரிசையில் அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

நான் குறுக்கே போனேன். "சார், ஏர்ஃபோர்ஸ் ப்ரோட்டோகால். படத்துக்கு மாலை கூடாது, சல்யூட் மட்டும்தான்."

"அப்போ இத இன்னா சார் பண்றது?"

"சீஃப் கெஸ்டுக்குப் போடணும்னு இருக்கு."

அவர் சந்தோஷமாகக் கழுத்தை நீட்டினார். அவர் மாலையை அவருக்கே போட்டேன். பிறகு அவர் வைத்த சல்யூட் சுமார்தான்.

விழா முடிந்ததும், படத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தபடி அந்த அம்மா கேட்டார்: "நிஜமாவே அப்படி ஒரு ரூல் இருக்கா, சார்?"

"இன்னையிலேர்ந்து இருக்கும்மா."

"அண்ணா வந்தா சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, படத்தை அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.